‘ஒன்றும் செய்யாது’ என்று சொல்லாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு என் நாய் முத்துவின் குறும்புகளைக் காட்டப் போவதில்லை. முத்து இதோ, என் காலடியில்தான் படுத்திருக்கிறான். ஒன்பது வயதாகிறது. பின்னங்கால் மூட்டு பிடித்துக்கொள்வதால் படியேறும்போது நின்று நின்றுதான் ஏறுகிறான். இன்று சொல்லப்போகும் விஷயத்தில் அவனுக்கும் பங்கு இருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலை. நாங்கள் தினமும் போகும் பூங்காப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். எனக்குப் பத்தடி முன்னால் ஒரு வயதான அம்மா போய்க்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் அவரைப் பார்ப்பேன். மூன்று சுற்று நடப்பார், பிறகு மரத்தடி பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவார். அன்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நாய் பாய்ந்து ஓடி வந்தது. பெரிய உடம்பு, இளம் வயது. கழுத்தில் பட்டை இருந்தது, கயிறு இல்லை. கயிறு ஐம்பது மீட்டர் பின்னால், அதை வளர்ப்பவரின் தோளில் மாலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் போன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தவர் உரக்கக் கத்தினார்: “பயப்படாதீர்கள்! ஒன்றும் செய்யாது!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நாய் வந்துவிட்டது. அந்த அம்மா பதறிப் பின்வாங்கினார். பாதை ஓரத்துக் கல்லில் குதிகால் தடுக்கியது. கையை ஊன்றி விழுந்தார். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

நாய் அவரைத் தொடக்கூட இல்லை. அவரைத் தாண்டி நேராக முத்துவிடம் வந்து, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி, ‘விளையாட வா’ என்று கூப்பிட்டது. முத்துவுக்கு இடுப்பு வலி. கயிற்றின் மறுமுனை என் கையில். விலகிப் போகவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் உறுமினான், பல்லைக் காட்டினான். ஒன்பது வருடத்தில் அவன் அப்படிப் பல்லைக் காட்டி நான் பார்த்தது இரண்டாம் முறை.

ஓடி வந்த அந்தத் தம்பி மூச்சிரைக்கச் சொன்னது இது: “பாருங்கள் சார், விளையாடத்தானே வந்தது!”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அது நல்ல நாய்தான், விளையாடத்தான் வந்தது. அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நாய், கெட்ட எண்ணம் இல்லாத மனிதர், ஆனாலும் ஒரு முதியவரின் கை முறிந்து கிடக்கிறது. நாயைக் கட்டுக்குள் வைப்பது பற்றிப் பேச்செடுத்தாலே, “என் நாய் யாரையும் கடிக்காது” என்று சண்டைக்கு வருகிறோம். கடிக்குமா கடிக்காதா என்பது இங்கே கேள்வியே இல்லை. எதிரே வருபவருக்கு உங்கள் நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் முப்பது கிலோ எடையுள்ள ஒரு விலங்கு தன்னை நோக்கி ஓடி வருகிறது என்பது மட்டும்தான்.

பிரிட்டனில் 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரையறை உண்டு. நாய் யாரையாவது காயப்படுத்தியிருந்தால்தான் கட்டுமீறியது என்றில்லை. காயப்படுத்திவிடுமோ என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி நடந்துகொண்டாலே கட்டுமீறியதுதான், உண்மையில் காயம் பட்டதோ இல்லையோ. அந்தச் சட்டத்தின் வேறு சில பகுதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறிப்பிட்ட சில இனங்களைத் தடை செய்தது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. இனத்தைவிட வளர்ப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அச்சத்தையும் ஒரு பாதிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களே, அது மிகச் சரி.

அந்தத் தம்பியைக் குறை சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. முத்துவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது நானும் அவனைக் கயிறு இல்லாமல் விட்டிருக்கிறேன். ஒரு நாள் ஆறு வயதுப் பையன் ஒருவன் அவனைக் கண்டதும் பெஞ்சின்மேல் ஏறி நின்று அலறினான். நான் சிரித்துக்கொண்டே, “ஒன்றும் செய்யாதுடா கண்ணா, தடவிப் பார்” என்று சொன்னேன். அவன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அப்போதுதான் கவனித்தேன், பையனின் கால்சட்டை நனைந்திருந்தது. முத்து அவனிடமிருந்து நான்கடி தள்ளி வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றான். அதற்கு முன் அந்தக் குழந்தைக்கு என்ன நேர்ந்ததோ, எந்த நாய் கடித்ததோ, எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவே இல்லையே. மறுநாளிலிருந்து கயிறு என் கையில்தான் இருக்கிறது.

சரி, கட்டுக்குள் இருப்பது என்றால் என்ன? எத்தனையோ பேர் என்னிடம், “கூப்பிட்டால் வந்துவிடும்” என்கிறார்கள். வீட்டுக்குள் வரும். வாசலில் வரும். இன்னொரு நாய் ஓடும்போதும் பூனை குறுக்கே பாயும்போதும் பந்து உருளும்போதும் ஒரே கூப்பாட்டில் திரும்பி வருகிறதா? அப்படி வந்தால்தான் கூப்பிட்டால் வரும் நாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர உடம்புள்ள ஒரு நாய் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாக ஓடும். அதாவது நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். ஐம்பது மீட்டரைக் கடக்க அதற்கு ஆறே நொடி. அந்த ஆறு நொடியில் நீங்கள் போனிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும், என்ன நடக்கிறதென்று புரிய வேண்டும், கூப்பிட வேண்டும், நாய் அதைக் கேட்டுத் திரும்ப வேண்டும். நடக்கிற காரியமா?

கூப்பிட்டால் வருவது நாயோடு கூடப் பிறக்கும் குணமில்லை, பழக்கித்தான் வர வேண்டும். இதோ, இந்த நீளக் கயிறு, பத்து மீட்டர். முத்துவை நான் பழக்கியது இதில்தான். இதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். ஓடி வந்து முனையில் இழுபடும்போது கழுத்தை வெட்டி இழுத்துவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் வாரில் மாட்டுங்கள். முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பழக்குங்கள், பிறகு ஆளில்லாத இடத்தில், பிறகு தூரத்தில் ஒரு நாய் தெரியும் இடத்தில். வந்ததும் அதற்குப் பிடித்ததைக் கொடுங்கள். வந்த நாயை ஒருபோதும் திட்டாதீர்கள். பத்து முறை கூப்பிட்டுப் பதினோராவது முறை வந்ததற்காக அடித்தால், ‘போனால் அடி விழும்’ என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். இன்னொன்று, வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் கூப்பிடுவது. நாய்க்குக் கணக்குத் தெரியும். கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று புரிந்துகொண்டு எட்டியே நிற்கும். நடுநடுவே கூப்பிட்டுக் கொஞ்சிவிட்டு மறுபடி விளையாட விடுங்கள். இதற்கெல்லாம் வாரங்கள் இல்லை, மாதங்கள் ஆகும்.

பொது இடத்தில் நடக்கும்போது ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு போதும். பித்தானை அழுத்தினால் நீண்டு சுருங்குகிற கயிற்றை ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து மீட்டர் தூரம் போய்விட்ட நாயை அதில் இழுத்துப் பிடிக்க முடியாது. மெல்லிய நூல் காலிலோ விரலிலோ சுற்றினால் சதையை அறுத்துவிடும். குறுக்கே சைக்கிள் வந்தால் அந்த நூல் அவர் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

வாய்மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய்மூடி போட்ட நாயைக் கண்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள், வளர்ப்பவருக்கும் கூச்சமாக இருக்கிறது. எனக்கோ அவர்மேல் மரியாதைதான் வருகிறது. தன் நாய் எந்த நிலையில் என்ன செய்யும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட மனிதர் அவர். வாங்கும்போது கூடை போன்ற வடிவத்தில் வாங்குங்கள், வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். நாய் தன் உடல் சூட்டை முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. வாயைத் திறக்க முடியாமல் கட்டிவிட்டு வெயிலில் நடத்தினால் அதன் உயிருக்கே ஆபத்து.

கயிற்றில் வரும் எங்கள் நாய்களின் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் நாய் நட்பாக ஓடி வருகிறது. எதிரில் இருப்பது அறுவைச் சிகிச்சை முடிந்த நாயாக இருக்கலாம், கிழ நாயாக இருக்கலாம், முன்பு கடிபட்டு மிரண்ட நாயாக இருக்கலாம். சுதந்திரமாக இருந்தால் அது விலகிப் போயிருக்கும். கயிற்றில் இருப்பதால் போக வழியில்லை, சண்டை ஒன்றுதான் மிச்சம். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்மேல் உங்கள் நாய் பாய்ந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்துப் பாருங்கள். நீண்ட காலம் பழக்கிய அந்த நாய் மிரண்டு, வேலையைத் தொடர முடியாமல்கூடப் போகலாம். அந்த மனிதர் வெளியே போகும் வழியே அடைபட்டுவிடும்.

வாலை ஆட்டுகிறதே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பார்கள். வால் ஆடினால் நாய் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், அன்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உடம்பு முழுக்கத் தளர்ந்து நெளிந்து ஆடுவது வேறு. உடம்பு விறைத்து, வால் மட்டும் உயரே நின்று வெடவெடவென்று ஆடுவது வேறு. தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, திடீரென்று அசையாமல் உறைந்து நிற்பது, இதெல்லாம் ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று நாய் சொல்வது. உறுமுவதும் அப்படித்தான். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். எச்சரிக்கை செய்தால் அடி என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

நாய் வளர்க்காதவர்களுக்கு ஒன்று. கட்டவிழ்ந்த நாய் ஓடி வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கைகளை உடம்போடு சேர்த்துக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மரம்போல நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு புண்ணைப் பதினைந்து நிமிடம் முழுதாகக் கழுவுங்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்களால் வருவது. அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை, அதற்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். ஆகவே நாய் வளர்ப்பவர்களே, உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் தயவுசெய்து நழுவிப் போகாதீர்கள். நின்று, உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். மருத்துவர் அதைப் பார்த்துத்தான் பலவற்றை முடிவு செய்வார்.

“கயிற்றிலேயே கட்டி வைத்தால் நாய்க்குச் சுதந்திரம் வேண்டாமா?” என்றும் எழுதுகிறீர்கள். வேண்டும்தான். ஓட விட வேலியிட்ட இடத்துக்கு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் ஆளில்லாத இடத்தில் இந்த நீளக் கயிற்றில் விடுங்கள், தரையை முகர்ந்து முகர்ந்து மனம்போல நடக்கட்டும். முகர்வதில் நாய்க்கு இருக்கும் ஆனந்தம் தனி. முத்து ஒரே புதரடியில் கால்மணி நேரம் நிற்பான், நானும் கூடவே நிற்பேன். அடுத்தவர் பயத்தை மிதித்துத்தான் என் நாய் சுதந்திரமாக இருக்க முடியும் என்றால், அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டாம்.

அந்தத் தம்பியை அதன் பிறகு இரண்டு முறை பார்த்தேன். கயிறு இப்போது கையில்தான் இருக்கிறது. நாய் அவரை இழுத்துக்கொண்டு போகிறது, இன்னும் பழக்க வேண்டும். முதல் முறை என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் முறை அவராகவே பக்கத்தில் வந்து, பாதையை விட்டு இறங்கி, நாயை உட்கார வைத்துக்கொண்டு, எங்களைக் கடந்துபோக விட்டார். நான் நன்றி சொன்னேன்.

நேற்று அந்த அம்மாவின் மகளைப் பார்த்தேன். மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். பிரித்ததும் பழையபடி நடக்க வருவாரா என்று கேட்டேன். இல்லை, மொட்டை மாடியிலேயே நடந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாராம். பூங்காப் பக்கம் இனி வர மாட்டேன் என்கிறாராம்.