தனியாக இருக்கும்போது கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கர்ப்பிணி நீங்கள், உங்களை அடிக்கிறவரும் அதே அறையில் இருக்கிறார் என்றால், சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். வேறு நிலையத்துக்கு மாற்றினாலும் சரி. என் பேச்சைவிட உங்கள் பாதுகாப்பு முக்கியம்.

நான் பிரசவப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் செவிலியர். வேலையில் சேர்ந்த புதிதில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் தோள்பட்டை கன்றிப்போய் வந்தார். “என்னம்மா ஆச்சு?” என்றேன். பக்கத்தில் நின்ற கணவர், “குளியலறையில் வழுக்கிட்டா” என்றார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவில்லை. நான் கேட்டது சரியான கேள்விதான், ஆனால் கணவரை வைத்துக்கொண்டு கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை யாராவது அடிப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் ஆய்வு நடத்தி 2005-ல் வெளியிட்டது. பெரும்பாலான இடங்களில், கர்ப்பமான பெண்களில் 100-க்கு 4 முதல் 12 பேர் வரை கர்ப்ப காலத்தில் அடிபட்டிருந்தார்கள். அவர்களிலும் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியவர்கள். அடித்தவர் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தக் குழந்தையின் தகப்பன்தான். பலருக்கு முன்பே நடந்துகொண்டிருந்த அடி அது. சிலருக்கோ கர்ப்பத்தில்தான் முதல் அடி விழுந்திருக்கிறது. இனி இவள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியம்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வயிற்றில் அடி விழுந்தால் வெளியே காயமே தெரியாமல் உள்ளே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடலாம். இரத்தம் உள்ளேயே தேங்கிவிட்டால் வெளியே ஒரு துளிகூட வராது. அதனால் ‘இரத்தம் போகவில்லை, ஒன்றும் ஆகியிருக்காது’ என்று இருந்துவிடாதீர்கள். வயிறு கல் மாதிரி இறுகினாலோ, வலி விடாமல் இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அந்த மணிநேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கென்று ஓர் ஊசி தேவைப்படலாம். கழுத்தை நெரித்திருந்தால் தடம் தெரியாவிட்டாலும் மறைக்காதீர்கள். பின்னால் உயிருக்கே ஆபத்து வரும் என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை குறைவு.

கை நீட்டாமலும் கொடுமை செய்யலாம். பரிசோதனைக்குப் போக விடாமல் தடுப்பது, மாத்திரையைப் பிடுங்கி எறிவது, குழந்தை தன்னுடையது இல்லை என்று தினமும் குத்திக் காட்டுவது எல்லாமே அதில் சேரும். ஓயாத பயத்தில் வாழும் தாய்க்குக் குறைமாதப் பிரசவமோ எடை குறைந்த குழந்தையோ ஆகும் வாய்ப்பு கூடுகிறது.

இனி என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு. சந்தேகம் கிளப்பாமல் ஒரு கர்ப்பிணி அடிக்கடி வந்துபோகக்கூடிய இடம் நம்முடையது. எல்லாப் பெண்களையும் முதல் சில நிமிடம் தனியாகத்தான் பார்ப்போம் என்று வழக்கம் வைத்துவிட்டால் எந்தக் கணவரும் தன்னை மட்டும் ஒதுக்கியதாக நினைக்க மாட்டார். அதுவும் முடியாவிட்டால் சிறுநீர் மாதிரி கொடுக்க அழைத்துப்போகும் நேரம் இருக்கிறது. மொழி தெரியாத பெண்ணுக்கு வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடாதீர்கள். “வீட்டில் உங்களுக்கு யாரிடமாவது பயமா? யாராவது அடிக்கிறார்களா?” என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்தால் அவரும் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வார்.

ஆமாம் என்றால் அவசரப்படாதீர்கள். “உங்கள் மேல் தப்பில்லை” என்று முதலில் சொல்லுங்கள். “ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள்?” என்ற கேள்வி மட்டும் வேண்டாம். விட்டுப் போகிற நேரம்தான் பல பெண்களுக்கு அதிக ஆபத்தான நேரம். எப்போது, எங்கே என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், நாம் வழி தேடிக்கொடுக்கலாம். அப்புறம், அவர் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோகும் சீட்டில் எழுதவே எழுதாதீர்கள். அதை வேறு யாராவது படிப்பார்கள். மருத்துவமனையில் இருக்கும் பதிவேட்டில் எழுதுங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த முறையும் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது முறை கேட்ட பிறகு வாய் திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து கேட்கும் பெண்ணே, வயிற்றில் அடிபட்டிருந்தால் இன்றைக்கே போங்கள். “வயிற்றில் அடிபட்டது” என்று சொன்னால் போதும், குழந்தையின் துடிப்பைப் பார்ப்பார்கள். யார் அடித்தார் என்பதை நீங்கள் விரும்பும்போது சொல்லலாம்.