மெர்போக்குக்கு ஒரு பஸ்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தும் முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் டத்தோ அவர்களே, தலைமையாசிரியர்களே, பின்னால் டீ கலக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தவே கால் மணி நேரம் போய்விட்டது, எனக்குக் கொடுத்ததோ பத்து நிமிஷம். மூன்று விஷயம் பேச வந்தேன்: கெடா மாநிலத்தில் பழைய கோவில்கள் புதைந்து கிடந்த பூஜாங் பள்ளத்தாக்கு, பினாங்கில் இருக்கும் நம் கார்ன்வாலிஸ் கோட்டை, பள்ளிப் பிள்ளைகள்.

பினாங்கிலிருந்து வண்டி எடுத்தால் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்போக் ஒரு மணி நேரம்தான். 1025இல் ராஜேந்திர சோழன் படை போன கடாரம் இந்தக் கெடா பக்கம்தான். அங்கே புக்கிட் பத்து பஹாட்டில், சண்டி என்று மலாயில் சொல்லும் பழைய கோவிலை 1958, 59இல் தோண்டி, 1960இல் திரும்ப எழுப்பினார்கள். அடியில் கிடைத்த கல் பெட்டிகளைப் பாருங்கள், நடுவே ஒரு குழி, சுற்றிலும் எட்டுக் குழி. சாமிக்கு அடியில் பொன்னும் மணியும் வைப்பது நமக்குத் தெரியாததா? இதை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோழர் பெருமை காட்டத் தஞ்சாவூருக்கு டிக்கெட் போடுகிறோம். போங்கள், நானும் போயிருக்கிறேன். ஆனாலும் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

என் தாத்தா கதை ஒன்று சொல்லியாக வேண்டும். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஒருநாள் மரத்தடியில் கால் இடறி விழுந்தார், பார்த்தால் அகலமான தட்டைச் செங்கல். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் தூக்கி வந்து மாட்டுக்கொட்டகை வாசலில் போட்டார். பாட்டி மிதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரருக்கு லாட்டரியில் நாலு நம்பர் அடித்தது! அவ்வளவுதான், தகரக் கூரை, சூலம், வெள்ளிக்கிழமை பொங்கல், நம்பர் கேட்க வேறு தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள். தாத்தாவுக்கு மட்டும் கடைசிவரை ஒரு நம்பரும் அடிக்கவில்லை, அது வேறு விஷயம். அப்புறம் தோட்டத்தை விற்றார்கள், கல் மண்வாரி இயந்திரத்தில் போனது.

சிரிக்கிறீர்கள், சரி. 2013இல் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டியும் இப்படித்தான் போனது, நிலத்தைச் சமன் செய்கிறோம் என்று தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். அதே பள்ளத்தாக்கில் பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடும் கண்ணாடி மணியும் கிடைத்த மண் அது, எத்தனை கப்பல் வந்திருக்கும்! 2023இல் நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அதே கெடாவில் புக்கிட் சோராஸில் தோண்டிச் சுதைச் சிற்பங்களை எடுத்தார்கள். பௌத்தக் கோவில்தான், அதனால் என்ன, அதுவும் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான்.

கோட்டைக்கு வருகிறேன். 1920களில் மூடிய அகழியை... தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

டத்தோ அவர்களே, ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் வருஷம் ஒரு பஸ், அவ்வளவுதான் கேட்கிறேன். வெண்ணெய் மெர்போக்கில் இருக்கிறது, நெய்க்கு அலைவானேன்? புளிச்சோறு கட்டுவதை எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்கிறோம், பஸ்ஸை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.