முட்டி முட்டியே வாசலுக்கு வந்துருச்சு!

வணக்கம் மக்களே! நேத்து சாயங்காலம் இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல நல்ல மழை. பாட்டி வீட்டு ஹால்ல தரையில உட்கார்ந்து நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துட்டாங்க. நம்ம குட்டி ரோபோ 'கட்டெறும்பு' தானாவே வழி கண்டுபிடிச்சு வாசலுக்குப் போயிருச்சு! கேமரா இல்ல, வீட்டு மேப் இல்ல. முன்னாடி, முட்டினா 'டிக்'குன்னு அழுந்துற ரெண்டு மைக்ரோ ஸ்விட்ச், சக்கரச் சுத்தை எண்ணுற சென்சார், அவ்வளவுதான்.

"லைடார் போடுங்க"ன்னு, அதான் லேசர் விட்டுத் தூரம் அளக்கிற சென்சார், கமெண்ட்ல எழுதினவங்களுக்குச் சொல்றேன், வேணாம்லா. போன வீடியோவுல, சத்தம் அனுப்பி எதிரொலியை வச்சுத் தூரம் பார்க்கிற அல்ட்ராசோனிக் சென்சார் என்னா பாடு படுத்துச்சு! காயப்போட்ட கைலி சத்தத்தை உறிஞ்சிடுது, கோணலா நிக்கிற அலமாரி வேற பக்கம் திருப்பி விட்டுடுது. எனக்கு அது பிடிக்கவே இல்ல. தொட்டா பொய் கிடையாது. டிக்! அங்க ஏதோ இருக்கு.

ஸ்விட்ச் விலையைக் கேளுங்க. டவுன் கடையில ஒண்ணு 3 வெள்ளி. ஆன்லைன்ல 60 காசு, ஆனா போஸ்டேஜ் 4 வெள்ளி 90 காசு. ரெண்டு வாங்கினா 6 வெள்ளி 10 காசு வருது! கடையில 6 வெள்ளிதான். 10 காசு மிச்சம், ஒரு வாரம் காத்திருக்கவும் வேணாம்.

இதோட மூளை 'பக் 1'ங்கிற வழி தேடுற முறை. 1987ல லுமெல்ஸ்கி, ஸ்டெபானோவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதினது. போக வேண்டிய இடத்தைப் பார்த்து நேரா போகும். முட்டினா, அந்தத் தடையை ஒட்டியே முழுசா ஒரு சுத்து. அதுல எந்த இடம் வாசலுக்கு ரொம்பக் கிட்டன்னு ஞாபகம் வச்சு, சின்னப் பக்கமா அங்க திரும்பி வந்து கிளம்பும். அங்கயும் அதே தடை மறிச்சா, வழியே இல்லன்னு அதுவே சொல்லிடும். எவ்வளவு அலையும்ங்கிறதுக்கும் கணக்கு இருக்கு: நேர் தூரம், அதுகூட தடைகளோட சுற்றளவுல ஒன்றரை மடங்கைக் கூட்டணும், அதுக்கு மேல போகாது. வாசல் 4 மீட்டர், நடுவுல இருந்த, அரிசி கொட்டி வைக்கிற தோங்கோட சுத்தளவு 1.2 மீட்டர், அதுல ஒன்றரை மடங்கு 1.8. ஆக 5.8 மீட்டர் தாண்டாது!

ஆங், சொல்ல மறந்துட்டேன். முதல் ரெண்டு தடவை தோங்கையே விடாம சுத்துச்சு. பாட்டி அப்பத்தான் மொப் போட்டிருந்தாங்க. ஈர சிமெண்டுல சக்கரம் வழுக்குது, எண்ணிக்கை மட்டும் ஏறுது. முட்டின இடத்துக்கே வந்தும் 'இன்னும் வரல'ன்னு நினைச்சுக்குது. துடைச்சுக் காய விட்டேன். மூணாவது தடவை டிக்… டிக்… டிக்… முழுச் சுத்து, அப்புறம் அரைச் சுத்து, தோங்கை விட்டுட்டு நேரா வாசல்! தாத்தா சிலிப்பருக்கு நாலு விரக்கடை தள்ளி நின்னுச்சு.

அடுத்தது வெளிய, செம்மண்ணுல. சக்கரம் அங்க இன்னும் வழுக்கும். நல்ல ரப்பர் டயர் விலை விசாரிச்சுட்டு வர்றேன்.