மேசைமேல் ஒரு கிடங்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மணலிப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கிடங்கு. சரக்குப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்கிற கை ஸ்கேனர் ஒன்று அங்கிருந்து, சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தது. வைஃபை வழியாகத் தகவல் அனுப்பும் கருவி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "மத்தியானம் ஆனா நெட் சுத்துது. என்னன்னு பாருங்க." மேசையில் வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒருமுறைகூடச் சுற்றவில்லை. நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரம் அதே ஸ்கேனர், அதே சீட்டோடு திரும்பி வந்தது.

வயர்லெஸ் நெட்வொர்க்கைச் சோதிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். பல்வலி, டாக்டர் வாசலை மிதித்ததும் நின்றுபோகிறதே, அந்த மாதிரி. என்னைக் கேட்டால், சோதனைக் கருவியிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது ஒன்றுதான். நேற்று எங்கேயோ வந்த பழுதை, இன்று நான் கேட்கும்போது என் கண்முன் வரவைக்க வேண்டும். மற்ற அளவெல்லாம் அதற்கு அப்புறம்.

பழுது ஏன் இப்படி ஒளிந்து விளையாடுகிறது? காற்றுதான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அரை ஜாணுக்குக் கொஞ்சம் கூட. நேராக வரும் அலையும், கன்டெய்னரின் இரும்புச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கும். அங்கிருந்து இரண்டு விரல் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்கேனரைப் பிடித்திருக்கும் கை லேசாகத் திரும்பினாலே போதும், சிக்னல் மாறிவிடும்.

அக்கம்பக்கத்து நெருக்கடி வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்குபோடும் தெருவில் நின்று போனைத் திறந்து பாருங்கள், எத்தனை வைஃபை பெயர்கள் வரிசையாக வரும் என்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி; ஒரு நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் 1, 6, 11 என்று மூன்று பேர்தான் அந்தத் திண்ணையில் இடிக்காமல் உட்கார முடியும். இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று அறிவித்தது 2005இல். 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமான இடம் கிடைத்தது 2018இல்தான். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4இன் பக்கத்தில்தான் இரைகிறது. எந்த அலைவெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் பார்த்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து 10 மில்லிசெகண்ட் இரைச்சல், 10 மில்லிசெகண்ட் அமைதி என்று வீட்டு அடுப்பு மூச்சு வாங்குவது தெரியும்.

ஆக, நல்ல சோதனை காற்றை வெளியே நிறுத்துவதில் ஆரம்பிக்கிறது. அதற்கு ஷீல்டு பாக்ஸ் என்ற உலோகப் பெட்டி. உள்ளே கூம்பு கூம்பாகக் கறுப்பு நுரை ஒட்டியிருக்கும். அது அலையைத் திரும்பவிடாமல் விழுங்கும். கதவு விளிம்பில் மெல்லிய செம்புப் பற்கள். கைப்பிடியை அழுத்திப் பூட்டினால் அந்தப் பற்கள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு நூலிழை இடுக்கையும் அடைக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் போனை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, அந்த எண்ணுக்கு அழைத்துக் காட்டுவேன். மணி அடித்தால் பெட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். நல்ல பெட்டி 80 டெசிபல் தடுக்கும். அதாவது வெளியே இருப்பதில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் உள்ளே போகும்.

காற்றை நிறுத்தியாகிவிட்டது, சரி, சிக்னல் எப்படிப் போகும்? ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு கேபிளைப் பூட்டுவோம். நடுவில் அட்டெனுவேட்டர். சிக்னலைக் கேட்ட அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் கருவி அது. பத்து டெசிபல் குறைத்தால் பத்தில் ஒன்று, இருபது குறைத்தால் நூறில் ஒன்று. வைஃபைக்கு விதி வகுக்கும் ஐஇஇஇ 802.11 தரத்தின் பழைய 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தை மைனஸ் 65 டிபிஎம்மில், அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு 65 டெசிபல் கீழே, பிடிக்க வேண்டும். 6 மெகாபிட்டை மைனஸ் 82இல். ஆயிரம் பைட் பாக்கெட்டுகளில், அதாவது தகவல் பொட்டலங்களில், பத்து சதவீதத்துக்கு மேல் தவறக் கூடாது. மைனஸ் 82 என்றால் ஒரு மில்லிவாட்டைச் சுமார் 16 கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறு. அவ்வளவு மெல்லிய குரலைக் காதில் வாங்கி அதன் பேச்சைப் புரிந்துகொள்கிறது நம் வீட்டு ரவுட்டர். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

இங்கே சின்ன விஷயம்தான் காலை வாரும். கேபிள் முனையில் இருக்கும் எஸ்எம்ஏ கனெக்டரைக் கையால் இறுக்கினால் நாளுக்கு ஒரு இறுக்கம், நாளுக்கு ஒரு அளவு. அதனால் முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பானர் வைத்துத்தான் இறுக்குவோம்; போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று மடியும். காசிமேட்டுப் பக்கம் மொட்டைமாடியில் வைத்திருந்த ஆன்டெனா கேபிள் ஒன்றை ஒருமுறை கழற்றியபோது, கனெக்டருக்குள் உப்புக்காற்று பச்சையாகப் பூத்திருந்தது. சிக்னல் எங்கே போகிறது என்று மாதக்கணக்கில் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்புறம், குரல் கேட்டால் மட்டும் போதாது, உச்சரிப்பும் சரியாக இருக்க வேண்டும். அதை அளக்கும் கருவி வெக்டர் சிக்னல் அனலைசர். அதன் திரையைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கமே வேண்டாம், அது புள்ளிக் கோலம். வைஃபை அனுப்பும் ஒவ்வொரு துண்டுத் தகவலும் ஒரு புள்ளி. வைஃபை 5 என்ற தலைமுறையில் வரிசைக்கு 16 வீதம் 256 புள்ளிகள். அடுத்து வந்த வைஃபை 6இல் 32க்கு 32, மொத்தம் 1024. வாசல் அதே வாசல்தான், புள்ளி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. மார்கழியில் இரண்டடி வாசலில் பெரிய கோலம் போட முயன்றவர்களுக்குத் தெரியும், புள்ளி கொஞ்சம் விலகினாலும் பக்கத்துப் புள்ளியோடு இழை சேர்ந்துவிடும். புள்ளி தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகி விழுகிறது என்பதை ஈவிஎம் (எர்ரர் வெக்டர் மேக்னிட்யூட்) என்று அளக்கிறார்கள். 1024 புள்ளிக் கோலத்தின் உச்ச வேகத்துக்கு மைனஸ் 35 டெசிபல் வேண்டும், அதாவது விலகல் சராசரியாக 1.8 சதவீதத்துக்குள். சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மீறி விரட்டினால் ஓரத்துப் புள்ளிகள் முதலில் உள்ளே சரியும். கடிகார அலைவெண் நடுங்கினால் கோலம் முழுக்க வட்டமாக இழுபடும். பழகிய கண் படத்தைப் பார்த்தே எந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லிவிடும்.

இந்தக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை. அதற்காக நம் வடசென்னைப் பாலிடெக்னிக், ஐடிஐ பிள்ளைகள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. காற்றில் போவதையெல்லாம் ஒட்டுக்கேட்கும் மானிட்டர் மோடில் இயங்கும் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர், ஒரு பழைய லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் வயர்ஷார்க் மென்பொருள். இவை இருந்தால் காற்றில் போகிற ஒவ்வொரு பாக்கெட்டும் எப்போது போனது, எத்தனை டிபிஎம்மில் கேட்டது என்று படிக்கலாம். சொந்த நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள்.

மணலி ஸ்கேனரைப் பிடித்ததும் இந்த லேப்டாப் வித்தையில்தான்.

இரண்டாவது முறை திரும்பி வந்ததும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஸ்கேனரை ஒரு பெட்டியில் வைத்தோம். வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயிண்டுகள் இரண்டைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கணினி சொல்படி கேட்கும் அட்டெனுவேட்டர் பூட்டினோம். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால், பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் ஸ்கேனருக்குத் தான் கிடங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதாகத் தோன்றும். நூறு தடவை நடக்க வைத்தோம். அழகாக ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியது. பழுது வரவில்லை.

வேறு வழியில்லாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிடங்குக்கே போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லாரிகள் வர ஆரம்பித்ததும், கன்டெய்னர்களை மூன்று நான்கு அடுக்காகக் கொண்டுவந்து வைத்தார்கள். காலையில் திறந்த வெளியாக இருந்த இடம், மத்தியானம் இரும்புச் சந்து. ஸ்கேனரோடு ஓர் ஊழியர் அந்தச் சந்து முனையில் திரும்பியதும் மைனஸ் 58இல் இருந்த சிக்னல் ஒரே நொடியில் மைனஸ் 84க்கு விழுந்தது. 26 டெசிபல். நாங்கள் மேசையில் நடக்க வைத்தது பூங்காவில் நடப்பது மாதிரி மெதுவான நடை. இங்கே நடப்பது மதில்மேலிருந்து குதிப்பது.

பதிவான எண்களை அப்படியே அட்டெனுவேட்டருக்கு ஊட்டினோம். மூன்றாவது ஓட்டத்திலேயே நெட் சுற்றியது. இப்போது காரணமும் தெரிந்தது. சிக்னல் அறவே தேயும்வரை ஸ்கேனர் பழைய ஆக்சஸ் பாயிண்டை விடாமல் பிடித்திருந்தது. விட்ட பிறகு எல்லாச் சேனலையும் தேடியது. 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாரோடு பங்குபோடும் சேனல்களில் முந்திக்கொண்டு பேசக் கூடாது, ஆக்சஸ் பாயிண்டின் அறிவிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அறிவிப்பு வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. பதினாறு சேனலில் அப்படிக் காத்திருந்தால் ஒன்றரை நொடிக்கு மேல் போய்விடும். முதல் சுற்றில் சிக்காவிட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் வானிலை ரேடார் எஸ்-பேண்ட் வகை, 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேறு அலைவரிசை; அதற்கும் இதற்கும் உரசல் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும் சி-பேண்ட் ரேடார்களுக்காகத்தான் இந்த மரியாதை.

கிடங்கில் உண்மையிலேயே புழங்கும் சேனல்களை மட்டும் தேடச் சொல்லி, மைனஸ் 70க்கு வந்ததுமே அடுத்த இடம் பார்க்கச் சொல்லி ஸ்கேனரின் அமைப்பை மாற்றினோம். அதே 26 டெசிபல் சரிவை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். காலையில் வந்து பார்த்தபோது ஒருமுறைகூடச் சுற்றியிருக்கவில்லை.

ஸ்கேனரோடு அந்தச் சரிவின் படத்தையும் ஒரு தாளில் அச்சடித்து அனுப்பினேன். கோடு ஒன்று சமமாகப் போய், செங்குத்தாக விழுந்து, மறுபடி சமமாகப் போகும். அவ்வளவுதான், வேறு எந்தக் குறிப்பும் அதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிடங்கு மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"சார், இந்தக் கோடு விழுற இடம், நம்ம மூணாவது லைன் முனைதானே?"