சிப்பாய் வீட்டுப் பிள்ளைக்கு 21 வயது ஆனால்

(வர்ஜீனியா பீச்சில் நண்பர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், சாம்பார் ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள்" என்று சொல்லித்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பக்கத்து நார்ஃபோக்கில் இருப்பது உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம். இந்த ஊரில் படைக் குடும்பத்தைத் தெரியாதவர் இருக்க முடியாது. நமக்கும் அதில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 2009இல் மாவ்னி என்று ஒரு திட்டம் வந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும் அவர்களுடைய மொழியறிவுக்காகப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் ஆள் எடுப்பு நின்றுபோனது, அது வேறு கதை.

என் எதிர்வீட்டுக்காரர் கடற்படையில் சீஃப் என்ற பதவியில் இருக்கிறார். மகள் வெளிமாநிலத்தில் கல்லூரி படிக்கிறாள். 21ஆம் பிறந்தநாள் கழிந்த மறுவாரம் ஆஸ்துமா இன்ஹேலர் வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். கடையில் இருந்த பெண் காப்பீட்டு எண்ணை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது என்று காட்டுகிறதே, கைக்காசு கொடுக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா நடுக்கடலில். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

நடந்தது இதுதான். படையினருக்கான டிரைகேர் காப்பீடு பிள்ளைகளுக்கு 21 வயதோடு நின்றுவிடும். முழுநேர மாணவராக இருந்து, செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் கொடுத்தால் 23 வரை, அல்லது படிப்பு முடியும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை நீளும். தானாக நீளாது. கல்லூரிப் பதிவாளரிடம் கடிதம் வாங்கி, டீர்ஸ் என்கிற படைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதற்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அம்மாவிடம் அவர் கொடுத்த பவர் ஆஃப் அட்டார்னி வேண்டும். கப்பல் கிளம்பும் வாரத்தில் இதெல்லாம் யாருக்கு நினைவில் இருக்கும்? அப்புறம் கடிதம் வந்தது, பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தப் பெண் இரண்டு வாரம் பழைய இன்ஹேலரின் அடியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

சரி, 23க்கு அப்புறம்? 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் இந்த நாட்டில் பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். கல்யாணம் ஆகியிருந்தாலும் இருக்கலாம். டிரைகேர் வேறு சட்டத்தின் கீழ் நடப்பது என்பதால் அதற்கு இது பொருந்தவில்லை. அதே தளத்தில் சிவிலியன் வேலை பார்க்கும் கிளார்க்கின் மகனுக்கு அரசு ஊழியர் காப்பீட்டில் 26 வரை இடம் உண்டு. பக்கத்து மேஜையில் சீருடையோடு உட்கார்ந்திருப்பவரின் மகனுக்கு இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க நியூ மெக்சிகோவின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் மார்ட்டின் ஹைன்ரிச் 2010இலேயே ஒரு மசோதா கொண்டுவந்தார். 2011 ஜனவரியில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில் டிரைகேர் யங் அடல்ட் என்ற திட்டம் பிறந்தது. கல்யாணம் ஆகாமல், சொந்த வேலையில் காப்பீடும் கிடைக்காமல் இருப்பவர்கள் 26 வரை சேரலாம். ஆனால் தலைக்குத் தனிப் பிரீமியம். இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பிரீமியம்.

வயிற்றெரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பிரீமியம் திட்டத்தின் முழுச் செலவையும் ஈடுகட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காப்பீடு என்பது ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி. "யார் வீட்டு வாசலில் தேர் நிற்கிறதோ அவர்கள் மட்டும் இழுக்கட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஆரோக்கியமான பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே மலிவாக எதையாவது வாங்கிக்கொள்வான். ஆஸ்துமா, சர்க்கரை, மனநோய் உள்ள பிள்ளைகளின் வீட்டார் வேறு வழியில்லாமல் உள்ளேயே இருப்பார்கள். செலவு ஏறும், அதனால் பிரீமியம் ஏறும், அதனால் இன்னும் நாலு பேர் வெளியேறுவார்கள். 2012இல் இந்தத் திட்டத்தின் பிரைம் என்ற வகைக்கு மாதம் 201 டாலர் இருந்தது. 2025இல் 727. வருடத்துக்கு எட்டாயிரத்து எழுநூறுக்கு மேல். செலக்ட் என்ற இன்னொரு வகை அதே வருடம் 337 டாலர்தான், ஆனால் அதில் ஒவ்வொரு தடவை டாக்டரிடம் போகும்போதும் கையிலிருந்து போகும்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். "பணியில் இருக்கும் சிப்பாயின் குடும்பம் டிரைகேரில் சேரச் சந்தாவே கட்டுவதில்லை. அந்த கிளார்க் மாதாமாதம் குடும்பப் பிரீமியம் கட்டுகிறாரே" என்பார்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஏதோ கட்டணம் வாங்கட்டும். நோயாளிப் பிள்ளைகளை மட்டும் தனியாகப் பிரித்து, அவர்களுடைய செலவை அவர்கள் தலையிலேயே கட்டுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். டிரைகேரில் சுமார் 95 லட்சம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெரிய கூட்டத்தோடு இந்தப் பிள்ளைகளைச் சேர்த்தால் தலைக்கு விழும் பாரம் மிகச் சிறியது.

2021இல் நம் ஊரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன எலைன் லூரியாவும் ஃபுளோரிடாவின் மைக்கேல் வால்ட்ஸும் சேர்ந்து இதைச் சரிசெய்ய மசோதா கொண்டுவந்தார்கள். லூரியா கடற்படையிலிருந்து வந்தவர், வால்ட்ஸ் ராணுவத்திலிருந்து வந்தவர். லூரியா ஜனநாயகக் கட்சி, வால்ட்ஸ் குடியரசுக் கட்சி. அப்படியும் அது சட்டமாகவில்லை. செலவுக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்வியைத் தாண்டுவது வாஷிங்டனில் லேசு இல்லை.

சட்டம் மாறும்போது மாறட்டும். உங்களுக்குத் தெரிந்த படைக் குடும்பத்தில் இந்த வருடம் 21 ஆகப் போகும் பிள்ளை இருந்தால், பதிவாளர் கடிதத்தைப் பிறந்தநாளுக்கு முன்பே வாங்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்தவர் என்றால், காப்பீடு போன நாளிலிருந்து 60 நாள் வரை அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் வேறு திட்டம் வாங்கலாம். அதையும் யங் அடல்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அம்மா இப்போது குளிர்பெட்டிக் கதவில் இரண்டு தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறார். ஒன்று கப்பல் திரும்பும் நாள், இன்னொன்று மகளின் 23ஆம் பிறந்தநாள்.