புது ஆர்டர் வராத மாதங்கள்: ஒரு வெப் டெவலப்பரின் பேச்சு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கோட் எதுவும் எழுதப் போவதில்லை, உட்கார்ந்து கொஞ்சம் பேசலாம் என்று கேமராவை வைத்தேன். போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார்: "அண்ணா, மூன்று மாதமாக ஒரு புது வெப்சைட் ஆர்டர்கூட இல்லை. இந்தத் தொழிலை விட்டுவிடட்டுமா?" படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அதே கேள்வியோடு நானும் ராத்திரியில் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். கடைக்காரர்களுக்கு வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் செய்யும் மென்பொருளில் ஐந்து பக்கம், பதினைந்தாயிரம் ரூபாய், மாதத்துக்கு மூன்று நான்கு சைட் என்று ஓடியது. பில் போட்டு பணம் வாங்கியதும் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவேன். இன்றைக்கு அதே கடைக்காரர் கூகுள் மேப்பில் கடையைப் பதிகிறார், வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுகிறார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, காலேஜ் படிக்கும் அவர் மகளே ஒரு சாயங்காலத்தில் ஒரு பக்கத்தைச் செய்துவிடுகிறாள். அவருக்கு அது போதும் என்றால் போதும்தான். நாம் கோபப்பட ஒன்றும் இல்லை.

என் வழியை மாற்றியது இங்கே கணபதி ஏரியாவில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒருவர். "சார், இந்த வெப்சைட்டால் ஒரு என்கொயரி வந்ததில்லை. ஹோஸ்டிங் பணம் தண்டம், நிறுத்திடலாம்" என்றார். நேரில் போனேன். என் போனிலிருந்தே தொடர்பு ஃபார்மை நிரப்பி அனுப்பினேன். 'நன்றி, விரைவில் அழைக்கிறோம்' என்று பச்சை எழுத்தில் வந்தது. அவருடைய ஜிமெயில் இன்பாக்ஸில் எதுவும் இல்லை. ஸ்பேமைத் திறந்தோம். என்னுடையதோடு சேர்த்துப் பன்னிரண்டு மெயில்கள். ராஜ்கோட்டிலிருந்து ஒருவர் விலை கேட்டு இரண்டு முறை எழுதியிருந்தார். ஸ்பேமில் 30 நாள் ஆனவை தானாக அழிந்துவிடும். அதற்கு முன்னால் எத்தனை போயிற்றோ. அவர் ஒன்றும் பேசாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையது. ஃபார்மை நிரப்புகிறவரின் முகவரியிலிருந்தே மெயில் வருவது போல அன்றைக்கு நான் செட் பண்ணியிருந்தேன். வாங்குகிற பக்கம் என்ன கேட்கும்? 'இந்த டொமைன் பெயரில் (முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி இருக்கிறதா?' அதைச் சொல்வதுதான் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள். ஃபார்மை நிரப்பியவரின் டொமைன் நம் சர்வருக்கு அப்படி அனுமதி தந்திருக்காது, அதனால் மெயில் ஸ்பேமுக்குப் போய்விட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் மெயில் அனுப்பினாலும் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக்கிவிட்டார்கள். அனுப்புநராகக் கடையின் சொந்த டொமைன், பதில் போக வேண்டிய ரிப்ளை-டூவில் வாடிக்கையாளர் முகவரி, டொமைனின் டிஎன்எஸ் பதிவேட்டில் இரண்டு வரி. ஒரு மத்தியானத்தில் முடிந்தது. கிளம்பும்போது அவரே கேட்டார்: "மாசாமாசம் இதைப் பார்த்துக்க என்ன வாங்குவீங்க?"

அங்கேதான் எனக்குப் புரிந்தது. சைட்டைச் செய்து கொடுக்க இன்றைக்கு ஆயிரம் வழி இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை.

இப்போது மாதம் 1,500 ரூபாய் வீதம் இருபத்து மூன்று பேருக்குப் பார்க்கிறேன். ஒன்றாம் தேதி எல்லா ஃபார்மையும் நானே நிரப்பிப் பார்ப்பேன். பேக்கப்பை எடுத்து வைப்பதோடு விடாமல் வேறு இடத்தில் ஏற்றித் திறக்கிறதா என்று பார்ப்பேன். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் வருகிறதா, தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் அசைகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஒரு பக்கத் தமிழ் ரிப்போர்ட், முதல் வரியில் இந்த மாதம் எத்தனை என்கொயரி வந்தது என்று இருக்கும். முதலாளி படிப்பது அந்த வரியைத்தான்.

இன்னொரு வாசல் அக்சஸிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் சைட்டைப் பயன்படுத்த முடிவது. இதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. மிகச் சிறிய நிறுவனங்கள் தவிர, அங்கே பொதுமக்களுக்கு ஆன்லைனில் விற்கிறவர்கள் சைட்டை அப்படி வைக்க வேண்டும். அங்குள்ள ஏஜென்சிகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்கலாம். மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு டேப் கீயை மட்டும் அழுத்தி ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே வேலை இருக்கிறது. ஏஐ-யை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எழுதியதை இப்படிச் சோதிக்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

சம்பள வேலை கிடைத்துப் போகிறவர்கள் தயங்காமல் போங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி, முடிவெடுக்கும் முன்னால் ஒன்று செய். நீ இதுவரை செய்து கொடுத்த சைட்டுகளின் லிஸ்டை எடு. ஒவ்வொன்றிலும் தொடர்பு ஃபார்மை நிரப்பி அனுப்பு. அப்புறம் அந்தக் கடைக்காரருக்கு போன் போட்டு, மெயில் வந்ததா என்று கேள். எத்தனை பேருக்கு வரவில்லை என்று எனக்கு மெசேஜ் போடு, மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.