செத்துப்போச்சா, தூங்குதா?

எல்லாருக்கும் மாலை வணக்கம்.

பல வருஷங்களுக்கு முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். 54 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கிறது. அதன்மேல் மஞ்சளை அப்பிக்கொண்டு இரண்டு லோடு போய் வந்துவிட்டார். மூன்றாம் நாள் குளிர் நடுக்கம், அப்புறம் பேச்சு குழறல். எங்களிடம் கொண்டுவந்தபோது பிபி 80க்கு 50. நிமிடத்துக்கு 34 தடவை மூச்சு வாங்குகிறார். சிறுநீர்ப் பையில் ஒரு சொட்டு இல்லை. காலைத் திறந்து சீழை எடுத்தோம், ஆன்டிபயாடிக் ஏற்றினோம், பிபியைத் தூக்க நார்அட்ரினலின் ஓடியது. இரவு டயாலிசிஸும் தொடங்கியாகிவிட்டது. அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "அப்பாவோட கிட்னி செத்துப்போச்சா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா" என்றேன்.

அந்தப் பதில் தவறு. அது ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். செப்சிஸில் ஒரு மனிதனின் உடம்புக்குள் எது உண்மையிலேயே சாகிறது, எது சாகாமல் படுத்துக்கிடக்கிறது? இதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கே நெடுங்காலம் பிடித்தது.

செப்சிஸ் என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். "செப்டிக் ஆயிடுச்சு" என்ற பேச்சு புதிதல்ல. நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று சொல்லிப் பயந்ததும் பெரும்பாலும் இதைத்தான். கிருமி ரத்தத்தில் கலந்து விஷமாகிவிடுவதுதான் செப்சிஸ் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். 2016ல் உலக அளவில் நிபுணர்கள் கூடி வரையறையை மாற்றினார்கள். கிருமிக்கு எதிராக உடம்பு நடத்தும் போர் கட்டுத் தப்பிப்போய், உடம்பின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்து உயிருக்கு ஆபத்தாக வந்து நிற்கும் நிலைதான் செப்சிஸ். கிருமி கால் புண்ணில் இருக்கலாம், நுரையீரலில் இருக்கலாம், சிறுநீர்ப் பாதையில் இருக்கலாம். அது போகாத இடங்களில்கூட உறுப்பு கெடுகிறது. 2017ல் மட்டும் உலகத்தில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது, அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த வருஷம் உலகில் இறந்த ஐந்து பேரில் ஒருவர்.

சரி, அந்தப் போரில் உடம்பு என்ன ஆயுதத்தை எடுக்கிறது?

வியன்னா நகரத்துப் பிரசவ மருத்துவமனை, 1847. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர். அந்த ஏப்ரல் மாதம் அவருடைய வார்டில் நூறு தாய்மாரில் 18 பேர் ஜன்னியில் இறந்தார்கள். பிணங்களை அறுத்துப் பார்த்த அதே கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். வாசலில் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீர் வைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொன்னார். ஜூனில் அந்த 18 இரண்டாகக் குறைந்தது. அவர் தொட்டியில் வைத்தது நம் பிளீச்சிங் பவுடர் கரைசலின் உறவுதான். நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களும் அதே சரக்கைத் தயாரிக்கின்றன என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு கிருமியை விழுங்கியதும் மடமடவென்று ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. மூச்சுக்காக அல்ல, ஆயுதம் செய்ய. ஆக்சிஜனோடு ஒரு எலக்ட்ரானை ஒட்டி சூப்பராக்சைடு ஆக்குகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. புண் கழுவும்போது நுரைக்குமே, அதே மருந்து. பிறகு உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து ஹைபோகுளோரஸ் அமிலம், அதாவது பிளீச். இந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதிக்குப் பச்சை நிறம். முற்றிய சளியும் சீழும் பச்சை படிந்து தெரிவது அதனால்தான். இந்த ஆயுதத்தைச் செய்ய முடியாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. சாதாரணப் பூஞ்சையும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற சாதாரண பாக்டீரியாவும் அவர்களைத் திரும்பத் திரும்பப் படுக்கையில் தள்ளுகின்றன. ஆகவே இந்தத் தீ நமக்கு வேண்டிய தீ. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

தீ அடுப்புக்குள் இருக்கும்வரை சமையல். செப்சிஸில் அது ஒரே சமயத்தில் உடம்பு முழுக்கப் பற்றுகிறது. அதை அணைத்துக்கொண்டே இருக்க செல்லுக்குள் ஏற்பாடு உண்டு. குளுட்டாத்தயோன் என்று ஒன்று, வைட்டமின் சி, சூப்பராக்சைடை மாற்றிவிடும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி. இந்த நொதியை 1969ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். உற்பத்தியாகும் தீ ஒரு பக்கம், அணைக்கும் தண்ணீர் ஒரு பக்கம். தண்ணீர் போதாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். செப்சிஸ் நோயாளியின் ரத்தத்தில் வைட்டமின் சி பார்த்தால் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும்.

இந்தத் தீ முதலில் தொடும் இடம் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் இருக்கும் சக்தி அடுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது செப்சிஸில் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரத்தக்குழாய்ச் சுவரில் வெள்ளமாக உற்பத்தியாகிறது. பிபி விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதே வாயு மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது சூப்பராக்சைடோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்ற இன்னும் கொடிய பொருளாகி அடுப்பின் பாகங்களையே சிதைக்கிறது. ஓடாத அடுப்பு மேலும் புகையைக் கக்குகிறது. மைட்டோகாண்ட்ரியா வெடித்துச் சிதறினால் அதன் டிஎன்ஏ வெளியே கசிகிறது. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்தது அல்லவா? அதனால் நம் காவல் செல்கள் அந்த டிஎன்ஏவையும் கிருமி என்று நினைத்து இன்னும் தீ மூட்டுகின்றன.

2002ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு குழு, ஐசியூவில் கிடந்த 28 செப்சிஸ் நோயாளிகளின் தொடைத் தசையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தது. பிழைத்தவர்களைவிட இறந்தவர்களின் தசையில் ஏடிபி, அதாவது சக்தி நாணயம், குறைவாக இருந்தது. நைட்ரிக் ஆக்சைடு கூடின இடத்தில் குளுட்டாத்தயோன் வற்றியிருந்தது. எனக்கு இதில் திகைப்பு எதில் என்றால், செப்சிஸ் தசையில் ஆக்சிஜன் அளவை நேரடியாக அளந்து பார்த்த வேறொரு குழுவுக்கு அது குறையவே இல்லை, கூடியிருந்தது. விறகு குவிந்து கிடக்கிறது, அடுப்பு பற்றவில்லை. வென்டிலேட்டரில் ஆக்சிஜனை எவ்வளவு கூட்டினாலும் சில நோயாளிகள் தேறாததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

இவ்வளவு நடந்தால் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்க வேண்டும் அல்லவா? நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ஹாட்ச்கிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு கடினமான வேலையைச் செய்தார்கள். செப்சிஸில் ஒருவர் இறந்ததும், துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, சில மணி நேரத்துக்குள் உறுப்புகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தாமதித்தால் எல்லாச் செல்லும் செத்ததாகத் தெரியும், உண்மை தெரியாது. அந்தக் குடும்பங்கள் கொடுத்த அனுமதியை நான் மிகப் பெரிய தானமாக நினைக்கிறேன். 1999ல் 20 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு வந்தது. 2013ல் அதே குழு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தனியாகப் பார்த்து எழுதியது. வேலை செய்யாமல் நின்றுபோன அந்தச் சிறுநீரகங்களில் செத்த செல்கள் மிகக் கொஞ்சம். மைட்டோகாண்ட்ரியா வீங்கியிருந்தது, சில குழாய்களில் காயம் இருந்தது, அவ்வளவுதான். இதயத்திலும் அப்படியே.

அப்படியானால் செத்தது யார்? குடலின் உள்சுவர்ச் செல்கள் சில. அவற்றைவிட முக்கியமாக, லிம்ஃபோசைட்டுகள். நோய் எதிர்ப்புக்கு நினைவும் கட்டளையும் தரும் வெள்ளையணுக்கள் மண்ணீரலில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கிடந்தன. வேலையாட்கள் கடையை மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள், காவல்காரர்கள்தான் செத்திருக்கிறார்கள்.

செல் சாவிலும் வகை உண்டு. பெரும்பாலான லிம்ஃபோசைட்டுகள் இறந்த விதத்துக்கு அபோப்டோசிஸ் என்று பெயர். 1972ல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் வைத்த பெயர். கிரேக்க மொழியில் மரத்திலிருந்து இலை உதிர்வது என்று பொருள். செல் தன்னைத் தானே மடித்துச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போகிறது. இன்னொன்று பைரோப்டோசிஸ், தீச்சாவு. கிருமியைக் கண்ட செல் தன் தோலில் தானே ஓட்டை போட்டு வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டி ஊரைக் கூட்டுகிறது. முதல் நாட்களின் கொந்தளிப்பில் இதற்குப் பங்கு உண்டு. இலையாக உதிர்வது பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் உதிர்ந்த செல்லை விழுங்கும் செல், "சண்டை முடிந்தது, அடங்குங்கள்" என்ற சைகையை அனுப்புகிறது. கிருமி இன்னும் உள்ளே இருக்கும்போதே படை கலைந்துவிடுகிறது. 2011ல் ஹாட்ச்கிஸ் குழுவினர் 40 பேருடைய மண்ணீரலைப் பரிசோதித்தபோது, அந்தச் செல்களைத் தூண்டிவிட்டாலும் எச்சரிக்கைப் புரதங்கள் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஐசியூவில் முதல் வாரத்தைத் தாண்டிய நோயாளியை, வெளியே யாரையும் ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட வந்து கொன்றுவிட்டுப் போகிறதே, அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறோம். காரணம் இதுதான்.

இனி, தீயை அணைக்கப் பார்த்த கதை. நைட்ரிக் ஆக்சைடுதான் குற்றவாளி என்றால் அதைத் தடுத்துவிடலாமே? தடுத்தார்கள். 797 நோயாளிகள். பிபி நன்றாக ஏறியது. ஆனால் 28 நாளில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 49 பேர். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்புறம் வைட்டமின் சி. 2017ல் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக் நகரத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. வைட்டமின் சி, தயமின் என்ற வைட்டமின் பி1, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றையும் ஏற்றிய 47 பேரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 8.5, அதற்கு முந்தைய மாதங்களில் ஏற்றாத 47 பேரில் 40.4. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நம் மாவட்ட மருத்துவமனைகளில்கூட இதைச் செய்துவிடலாமே என்ற சந்தோஷம். அடுத்த மாதமே நானும் சில நோயாளிகளுக்கு எழுதினேன். ஆனால் சீட்டுக் குலுக்கிப்போட்டுப் பிரித்த முறையான சோதனைகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. 2022ல் கனடா தலைமையில் 872 பேரிடம் வைட்டமின் சியை மட்டும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீங்காதவர்களும் சேர்ந்து, மருந்து பெற்ற பக்கம் நூற்றுக்கு 44.5, பெறாத பக்கம் 38.5. உதவாதது மட்டுமல்ல, கெடுத்திருக்கிறது.

ஏன் இப்படி? என் எண்ணத்தைச் சொல்கிறேன். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதே தீதான் கிருமியையும் கொல்கிறது. ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றினால் சமையலும் நின்றுபோகும். இன்னொன்று, சிறுநீரகச் செல் அடுப்பைத் தணித்துக்கொண்டு படுத்தது தோல்வியாகவே இருக்க வேண்டியதில்லை. பஞ்சத்தில் விதைநெல்லை எடுத்து வைப்பதுபோல, சாகாமல் இருக்க அது வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். லண்டன் குழுவைச் சேர்ந்த மெர்வின் சிங்கர் போன்றவர்கள் இதை ரொம்ப நாளாக வாதிட்டு வருகிறார்கள். அது உண்மையானால், தூங்குகிறவனை அடித்து எழுப்புவது மருத்துவம் ஆகாது. அதனால்தான், கடைகளில் "ஆன்டி ஆக்சிடன்ட்" என்று எழுதி விற்கும் டப்பாக்களைப் பற்றி யாராவது கேட்டால், ஐசியூவில் நாங்கள் பட்டதைத்தான் சொல்லுவேன்.

செத்துப்போன காவல்காரர்களுக்குப் பதில் ஆள் எடுக்கும் முயற்சி வேறு ஒரு பாதை. இன்டர்லூக்கின்-7 என்ற புரதத்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய சோதனை 2018ல் வந்தது. 27 பேர்தான். லிம்ஃபோசைட் எண்ணிக்கை மூன்று நான்கு மடங்கு ஏறியது. அது உயிரைக் காக்கிறதா என்று சொல்ல 27 பேர் போதாது. என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

அதுவரை கையில் இருப்பது நேரம். பிபி விழுந்து ஷாக் நிலையில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும், சீழ் இருந்தால் வெளியேற வேண்டும், பிபி ஏற வேண்டும். வீட்டில் காய்ச்சலோ புண்ணோ உள்ள ஒருவர் திடீரென்று பேச்சுக் குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருந்தால், கை கால் சில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டாக மாறினால், காலை வரை பார்க்கலாம் என்று படுக்க வைக்காதீர்கள். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும், உடம்பு சில்லிடும். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போன இடத்தில் "இது செப்சிஸாக இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த லாரி ஓட்டுநர். ஐந்தாம் நாள் நார்அட்ரினலினை நிறுத்தினோம். எட்டாம் நாள் வென்டிலேட்டர் குழாயை எடுத்தோம். டயாலிசிஸ் மட்டும் தொடர்ந்தது. பதினோராம் நாள் விடிகாலை ரவுண்ட்ஸ் போனபோது, இரவுப் பணி சிஸ்டர் என்னை நிறுத்தி, கட்டிலுக்குக் கீழே குனிந்து பையைத் தூக்கிக் காட்டினார். அடியில் 40 மில்லி, தேநீர் நிறத்தில். மறுநாள் 300. அதற்கு மறுநாள் 1,100. அந்தப் பெண் வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். நானே போய் எழுப்பி, அன்று நான் சொன்னது தப்பும்மா என்று சொன்னேன்.